எதிர்ப்பு எவருடையது? – மருத்துவமனைத் தொற்றும் ஒரு சொல் மயக்கமும்

தமிழ்த்துறை மலரில் கிருமியைப் பற்றிய கட்டுரைக்கு இடம் என்ன என்று வினவுவோர் இருக்கக்கூடும். திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் 'மருந்து' என்பதை மாணவர் அறிவர். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் ஆகிய நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாக வகுத்து வைக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத ஐந்தாவது கூறு ஒன்று உண்டென்பது உலகத்துக்குத் தெரியவர, வள்ளுவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் கழிய வேண்டியிருந்தன. கிருமி என்னும் அந்த ஐந்தாவது கூறு, மற்ற நான்கும் குறைவின்றி அமைந்த இடத்திலேயே அந்நான்கையும் வென்றுவிடுவதை இன்றைய மருத்துவமனைகள் கண்டு வருகின்றன. யான் மருத்துவன் அல்லேன், மொழி ஆசிரியன். ஒரு சொல்லின் வழியாகவே இப்பொருளுக்குள் வர நேர்ந்தது. 'எதிர்ப்பு' என்பது அச்சொல்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தா காலில் ஆறாத புண்ணோடு மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்தார். நெடுநாள் சர்க்கரை நோயாளி. இரண்டு வாரங்களாகியும் காய்ச்சல் தணியவில்லை. புண்ணின் சீழை எடுத்து அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்த சோதனையின் முடிவு ஒருநாள் வந்தது. தாள் முழுவதும் மருந்துகளின் பெயர்கள். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நேரே 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்து. இரண்டே இரண்டுக்கு நேரே மட்டும் 'எஸ்'. இளம் மருத்துவர் ஒருவர் நின்றபடியே, "நெறைய மருந்துக்கு எதிர்ப்பு இருக்கு" என்று கூறிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். வெளியில் காத்திருந்த பெரியத்தாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "எதிர்ப்பு இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரா? அல்ஹம்துலில்லாஹ்! தம்பி உடம்பு அந்தக் காலத்து உடம்புல்ல. இனி பயமில்ல" என்றார். வீட்டிற்கும் அச்செய்தி நற்செய்தியாகவே போய்ச் சேர்ந்தது. மறுநாள்தான் மூத்த மருத்துவர் எங்களை அமரவைத்து, எதிர்ப்பு அத்தாவின் உடலுக்கு வந்ததன்று, அவர் உடலிலிருந்த கிருமிக்கு வந்தது என்று விளக்கினார். கால்விரல்கள் இரண்டை அகற்ற வேண்டியதாயிற்று. இறைவன் அருளால் அத்தா வீடு திரும்பினார். சிறுநீரகம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

பெரியத்தாவின் மேல் குறை கூற ஒன்றுமில்லை. தமிழ்ச் சொல்லைத் தமிழர் எவ்வாறு கேட்பரோ அவ்வாறே அவர் கேட்டார்.

சொல் தந்த மயக்கம்

நம் வழக்கில் 'எதிர்ப்புச் சக்தி' என்பது நல்ல பொருள் உடையது. பால் அருந்தினால் வருவது, கீரை உண்டால் வளர்வது, 2020ஆம் ஆண்டில் கபசுரக் குடிநீரைத் தேடி ஓடியபோது நாம் எல்லோரும் விரும்பியது. அச்சொல்லுக்கு உரியவன் மனிதன். அவன் உடல் நோயை எதிர்க்கிறது. மருத்துவர் கூறும் 'மருந்து எதிர்ப்பு' என்பதற்கு உரியது கிருமி. அது மருந்தை எதிர்க்கிறது. எழுவாய் மாறியது, செயப்படுபொருள் மாறியது. சொல் மட்டும் மாறவில்லை. இலக்கணம் பயிலும் மாணவர்க்கு வேற்றுமை மயக்கம் என்று கற்பிக்கிறோமே, அதனினும் கொடிய மயக்கம் இது. 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்னும் தொடரையே எடுத்துக்கொள்க. நுண்ணுயிரை எதிர்ப்பது என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் அது மருந்தின் பெயர். நுண்ணுயிரினது எதிர்ப்பு என்று ஆறாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் அது அம்மருந்து தோற்ற நிலையின் பெயர். செய்தித்தாள்களிலும் விழிப்புணர்வுப் பலகைகளிலும் இருபொருளிலும் அத்தொடர் காணப்படுகிறது. பகையையும் படையையும் ஒரே பெயரால் அழைத்தால் போர் எவ்வாறு நடக்கும்?

இம்மயக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் பன்னிரண்டு நாடுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரிடம் வினவியபோது, நூற்றுக்கு 76 பேர், மருந்துக்குப் பழகிப்போவது மனித உடலே என்று கருதினர். இந்தியாவில் விடையளித்தோரில் நூற்றுக்கு 75 பேர் சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பயன்படும் என்று நம்பினர். அவை வைரசால் வருவன. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கு அங்கு வேலையே இல்லை.

உடலே பழகிப்போகிறது என்று எண்ணுபவர் என்ன முடிவுக்கு வருவார்? 'நான்தான் அடிக்கடி மாத்திரை போடுவதில்லையே, எனக்கு இது வராது' என்பார். அல்லது, 'போட்டால் என் உடம்புக்குத்தானே கேடு, பிறருக்கென்ன' என்பார். இரண்டும் பிழை. பிழையென்பதைப் பென்சிலின் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங்கே எடுத்துரைத்தார். 1928இல் அம்மருந்தைக் கண்டறிந்தவர், 1945 திசம்பரில் நோபல் பரிசேற்புச் சொற்பொழிவில் ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதையைக் கூறினார். தொண்டைப்புண் கண்ட ஒருவன் தானே பென்சிலின் வாங்கி உண்கிறான். கிருமியைக் கொல்லப் போதாத அளவு. ஆனால் அதற்கு மருந்தைத் தாங்கக் கற்றுக்கொடுக்கப் போதுமான அளவு. அக்கிருமி அவன் மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்கு நுரையீரல் அழற்சி கண்டு, பென்சிலின் கொடுக்கப்படுகிறது, பயனின்றி இறந்துபோகிறாள். இக்கதையில் மருந்தை முறைதவறி உண்டவன் பிழைத்திருக்கிறான், உண்ணாதவள் மாண்டாள்.

கதை வேண்டாம், நடந்தது வேண்டும் என்போர்க்கு: தில்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியாயிற்று. குருதித் தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, பிறந்து 72 மணி நேரத்திற்குள் ஏற்பட்டவை. அவற்றுக்குக் காரணமான ஆசினெட்டோபாக்டர் என்னும் கிருமியில் நூற்றுக்கு 82, பலவகை மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. பிறந்து மூன்று நாள் ஆகாத சிசுவின் உடல் எந்த மருந்துக்குப் பழகியிருக்க முடியும்?

கிருமி கற்கும் விதம்

கிருமி கற்கிறது என்பதும் உருவகமே. நிகழ்வது வேறு. ஈகோலை போன்ற பாக்டீரியா உகந்த சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். ஏட்டுக் கணக்கில் ஒன்று எட்டு மணி நேரத்தில் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்தைத் தாண்டிவிடும். இத்தனை கோடிகளில் ஏதோ ஒன்றிரண்டு, பிறப்பிலேயே சிறு மாறுதலோடு, மருந்தைத் தாங்கும் இயல்புடன் தோன்றும். மருந்து வந்து மற்றவற்றை அழிக்கும்போது இவற்றுக்கு இடமும் உணவும் போட்டியின்றிக் கிடைக்கின்றன. ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் தெளிக்கும் வயலில் அதற்குச் சாகாத களை மட்டும் எஞ்சி வயலை நிறைப்பதை நம் பக்கத்து உழவர் அறிவர்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மருந்தைச் சிதைக்கும் நொதியைச் செய்வதற்கான குறிப்பு, 'பிளாஸ்மிட்' எனப்படும் சிறு வளைய வடிவ மரபுத்துண்டில் அடங்கியிருக்கலாம். அத்துண்டை ஒரு கிருமி பக்கத்திலுள்ள வேறு இனக் கிருமிக்கே கொடுக்க வல்லது. தேர்வறையில் துண்டுச்சீட்டு கைமாறுவதை மேற்பார்வையிடும் எம்போன்றோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை; ஒரு வேறுபாடு, இங்கே சீட்டைக் கொடுத்தவனிடமும் ஒரு படி எஞ்சியிருக்கும்.

தரமணி ஆய்வும் ஒரு பெயரின் பூசலும்

அத்தகைய துண்டுச்சீட்டுகளில் உலகப்புகழ் பெற்றது நம் நாட்டோடு பிணைக்கப்பட்டது. 2008இல் சுவீடன் நாட்டில் சிகிச்சை பெற்ற, புதுதில்லியில் முன்னர் மருத்துவமனையில் இருந்துவந்த இந்திய வம்சாவளியினர் ஒருவரிடம் புதிய நொதி ஒன்று கண்டறியப்பட்டது. கார்பபெனம் என்னும் கடைசி வரிசை மருந்துகளையும் சிதைக்கவல்ல அதற்கு, 'நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்' என்று பெயரிட்டனர், சுருக்கமாக என்.டி.எம்.-1. அடுத்து 2010 ஆகஸ்டில் 'லான்செட்' குழும இதழொன்றில் வெளியான ஆய்வு பெரும்புயலைக் கிளப்பியது. அதன் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்.-1 உடைய கிருமிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்தியா, பாகிஸ்தான் ஆகியவற்றின் பிற இடங்களில் 73 எனக் கணக்கிடப்பட்டன. கிளெப்சியெல்லாவும் ஈகோலையும் அவற்றில் மிகுதி. இரண்டே மருந்துகளுக்கு மட்டும் அவற்றுட் பல அடங்கின: டைகிசைக்ளின், கோலிஸ்டின்.

எழுந்த ஆரவாரம் பெரிதும் பெயரைப் பற்றியது. தலைநகரின் பெயரைக் கிருமியின் மரபணுவுக்குச் சூட்டியது இந்தியாவை இழிவுபடுத்துவதென்றும், இங்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளைத் தடுக்கும் சூழ்ச்சியென்றும் கண்டனங்கள் எழுந்தன. 2011 சனவரியில் 'லான்செட்' இதழின் ஆசிரியர் ரிச்சர்டு ஹார்ட்டன் பெயரிட்டமைக்கு வருத்தம் தெரிவித்தார். நோய்களுக்கு ஊர்ப்பெயர் சூட்டலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் நெறிமுறை வகுத்தது, அது நல்லதே. ஆயினும் ஓர் ஐயம். 'மெட்ராஸ் ஐ' என்று கண்ணோய் ஒன்றை நாம் தலைமுறை தலைமுறையாக அழைத்து வருகிறோம்; சென்னைக்கு இழிவென்று எவரும் கொடி பிடித்ததில்லை. பெயருக்காகச் சினந்த நாம், அந்த 44 எங்கிருந்து வந்தன, எந்தக் கைகளின் வழியே பரவின என்று அதே சினத்தோடு வினவியிருக்கலாம்.

அவை மருத்துவமனைகளில் திரள்வதற்குக் காரணம் உண்டு. அங்கே நோயாளியின் உடல் தளர்ந்திருக்கிறது. சிறுநீர்க் குழாய், மூச்சுக் குழாய், நரம்பில் ஏறும் ஊசி என இயற்கை அடைத்து வைத்த வாயில்கள் திறக்கப்படுகின்றன. வலிய மருந்துகள் ஒரே கூரையின் கீழ் இடைவிடாது பாய்கின்றன. ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குக் கைகள் செல்கின்றன. ஆனால் அக்கிருமிகள் அங்கேயே பிறந்தவை என்று கொள்ளலாகாது. ஈகோலை நம் எல்லோர் குடலிலும் வாழ்வது. தேவையற்ற மாத்திரையால் தேர்ந்தெடுக்கப்பட்ட கிருமியை வயிற்றில் சுமந்தபடி, எந்த நோயும் இன்றி உலவும் மனிதன் ஒருநாள் அறுவைக்காகக் கட்டிலேறுகிறான். அன்று அது குடலை விட்டு வெளிப்படுகிறது. தில்லியில் பொதுக்குழாய் நீரின் 50 மாதிரிகளில் இரண்டிலும், தெருவோரம் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும் என்.டி.எம்.-1 மரபணு இருந்ததை 2011இல் ஓர் ஆய்வு காட்டிற்று.

மதுரையின் கண்கள்

தில்லியும் சென்னையும் இருக்கட்டும். நம் வைகைக் கரையிலேயே இதற்கொரு பாடம் உண்டு. அது கண்ணைப் பற்றியது.

கதிரடிக்கும்போது உமி தெறித்தும், கரும்புத் தோகை கீறியும், மண் விழுந்தும் கருவிழியில் புண் உண்டாவதும், பின்னர் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று ஊரார் கூறுவதும் மேலூர், உசிலம்பட்டிச் சிற்றூர்களில் பழகிய செய்தி. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்படுவதாக 1996இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு பகுதியில் கண்ட அளவைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் சிகிச்சைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்ததில், கிருமி வளர்ந்து தெரிந்தவர்களுள் ஏறத்தாழச் சரிபாதியர்க்குப் பாக்டீரியாவும், மறுபாதியர்க்குப் பூஞ்சையும் காரணமாயிருந்தன. கண்ணால் பார்த்து இதுவா அதுவா என்று பிரித்துவிட இயலாது. சுரண்டியெடுத்து உருப்பெருக்கியில் நோக்க வேண்டும். மருந்துக்கடையில் நின்று, 'கண்ணு சிவந்திருக்கு, நல்லதா ஒரு சொட்டு மருந்து குடுங்க' என்று கேட்டு வாங்குவது எத்துணைப் பெரிய சூதாட்டம் என்பதை இது காட்டும்.

அச்சொட்டு மருந்தின் விளைவும் அளந்து அறியப்பட்டுள்ளது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க நிறுவனங்களும் இணைந்து, 2006 முதல் 2010 வரை பாக்டீரியாவால் கருவிழிப் புண்ணுற்ற 500 பேரிடம் ஒரு பெரும் ஆய்வு நடத்தின. பெரும்பான்மையோர் அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள். ஆய்வின் முதல் நோக்கம் வேறு. ஆனால் கிடைத்த கிருமிகளை வைத்துப் பின்னர் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. இங்கு வருமுன்பே புளோரோகுவினோலோன் வகை மருந்தைப் போட்டுக்கொண்டு வந்தவர்களின் கண்ணிலிருந்த கிருமியை அடக்க, மாக்சிஃப்ளாக்சசின் மருந்து ஏறத்தாழ இரு மடங்கு செறிவில் தேவைப்பட்டது என்பது 2013இல் வெளியான அதன் விடை. முதலில் போட்ட சொட்டு, பின்னர் வந்த சொட்டின் வலிமையைத் தின்றிருந்தது.

மாக்சிஃப்ளாக்சசின் என்னும் அப்பெயரை மாணவர் நினைவிற் கொள்க. அதே மருந்தின் மறுபக்கமும் மதுரைக்கு உரியது. கண்புரை அறுவைக்குப்பின் கண்ணின் உட்புறத்தில் கிருமி புகுந்து சீழ் பிடிப்பதுண்டு. அரிது, எனினும் நேர்ந்தால் பார்வை பறிபோகவும் கூடும். அதைத் தடுக்க அறுவையின் முடிவில் அம்மருந்தைச் சிறிதளவு கண்ணுக்குள்ளேயே செலுத்தும் முறையை அரவிந்த் மருத்துவமனைகள் மேற்கொண்டன. 2017இல் அதன் கணக்கு வெளியாயிற்று. மருந்து செலுத்தாத 3,02,815 அறுவைகளில் 214 பேருக்குத் தொற்று கண்டது. செலுத்திய 3,14,638 அறுவைகளில் 64 பேருக்கு மட்டுமே. அந்த இடைவெளியில் காப்பாற்றப்பட்ட கண்களுள் நம் வீட்டு நன்னிமார்களின் கண்களும் இருந்திருக்கும்.

நுண்ணுயிர்க்கொல்லியே வேண்டாம் என்பது என் வாதமன்று என்பதற்காகவே இதனை விரித்தேன். அறுவை அரங்கில் ஒரு துளி மருந்து கண்ணைக் காக்கிறது. அதே மருந்து கடையில் சொட்டாக விற்கப்பட்டு, வைரசால் சிவந்து தானே ஆறப்போகும் மெட்ராஸ் ஐக்குக் கணக்கின்றி ஊற்றப்படுகிறது. ஒன்று மற்றொன்றின் வேரை அரிக்கிறது. வாடிப்பட்டியில் ஊற்றிய சொட்டுக்கான விலையை அண்ணாநகரில் கட்டிலில் படுத்திருக்கும் யாரோ ஒருவர் கொடுக்க நேரலாம்.

முதலும் விளைவும்

இந்நிலையைச் சுட்ட நம் சமுதாயத்தில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. அது வக்ஃபு. வக்ஃபாக எழுதிவைத்த தோப்பின் காயை உண்ணலாம். தோப்பை விற்றுண்ண முடியாது. முதல் அழியாமலிருக்க, விளைவு மட்டும் உரியவர்க்குப் போய்ச் சேர வேண்டும். முத்தவல்லி அதற்குக் காவலரேயன்றி உடைமையாளர் அல்லர். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய மன்சூரி மருத்துவமனை, வக்ஃபு வருவாயால் பல நூற்றாண்டுகள் நோயாளிகளைப் பேணியது வரலாறு. மருந்தின் வீரியமும் அத்தகையதொரு முதல். பிளெமிங் முதலியோர் உலகத்தார் அனைவர்க்கும் எழுதிவைத்துச் சென்றது. உயிர்காக்கத் தேவைப்படும்போது உண்ணும் மாத்திரை விளைவில் கை வைப்பது. சளிக்கு உண்ணும் மாத்திரை முதலில் கை வைப்பது.

முதலை மீண்டும் பெருக்கலாகாதா எனின், மிக அரிது. சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் பார்மா கண்டுபிடித்த என்மெட்டசோபாக்டம் என்னும் துணைமருந்தோடு கூடிய கலவை 2024இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. தமிழகத்துக்குப் பெருமை தரும் செய்தி. ஆனால் அதுவும் என்.டி.எம். நொதியின் முன் நிற்காது. 1940களின் இறுதியில் கண்டறிந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று 1970களில் ஒதுக்கிவைத்த கோலிஸ்டினை மருத்துவர்கள் மீண்டும் தூசி தட்டி எடுத்தது வேறு வழியின்மையால்தான். அதையும் கோழிகள் விரைந்து பருக்கத் தீவனத்தில் கலந்துவந்தோம். 2019 சூலையில்தான் மத்திய அரசு கால்நடை, கோழிப் பண்ணைகளில் அதற்குத் தடை விதித்தது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேர்க்காரணமாக உலகில் 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

முத்தவல்லியாகச் செயற்பட முன்வந்தோரும் தமிழகத்தில் இருந்தனர். 2012 ஆகஸ்டு 24ஆம் நாள் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி ஒரு செயல்திட்டத்தை வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்பது அதன் பெயர். அதனை ஒருங்கிணைத்தவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கபூர். மருந்துச் சீட்டின்றி எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் விற்கலாகாது என்று ஒரே நாளில் சட்டமிட்டால், மருத்துவரே இல்லாத சிற்றூர் என்செய்யும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தனர். குறையற்ற திட்டத்தைவிட நடக்கக்கூடிய திட்டமே தேவை என்பது அவர்கள் நிலை. அந்நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த 'எச்-1' பட்டியல், வலிய நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள் உள்ளிட்ட 46 மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப்பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும் என்று விதித்தது. அட்டையில் சிவப்புக்கோடு இருந்தால் சீட்டின்றி வாங்கலாகாது. வாங்கும் நாம் அக்கோட்டைப் பார்க்கிறோமா என்பது வேறு கதை. 'பவர் கூடின மாத்திரையாக் குடுங்க' என்று கேட்பவர் கடைக்காரர் அல்லர்.

நலம் விசாரிக்கச் செல்வோர்க்கு

நோயாளியைச் சென்று காண்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. அக்கடமையை நாம் கூட்டமாகச் செய்கிறோம். கட்டிலின் விளிம்பில் அமர்கிறோம், கையைப் பற்றுகிறோம், பழத்தை உரித்து ஊட்டுகிறோம், பக்கத்துக் கட்டிலில் தெரிந்தவர் இருந்தால் அவர் கையையும் அதே கையால் பற்றுகிறோம். அத்தா படுத்திருந்த நாட்களில் ஒரே மாலையில் பதினேழு பேரை எண்ணினேன். அவருள் ஒருவரேனும் உள்ளே வருமுன் கை கழுவியதாக நினைவில்லை. ஐவேளை ஒளுச் செய்யும் கைகள் அவை.

வியன்னாவில் 1847இல் செம்மல்வைசு என்னும் மருத்துவர், பிரசவ அறைக்குள் நுழையுமுன் மாணவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதித்ததும் பிள்ளைபெற்ற தாய்மாரின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று அப்பணியைச் செய்வது சுவரில் மாட்டியுள்ள ஆல்ககால் கலந்த கைமருந்து. அதைத் தொடலாமா, தொட்ட கையோடு தொழலாமா என்று தயங்கும் பெரியவர்களை நான் அறிவேன். 2002 சனவரியில் மக்காவில் நடந்த உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் பேரவைக் கூட்டம், கிருமியைக் கொல்லவும் காயத்தைத் துடைக்கவும் ஆல்ககாலைப் புறத்தே பயன்படுத்தலாம் என்று தீர்ப்புரைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைத்தூய்மை நெறிமுறையிலும் அத்தீர்ப்பு எடுத்தாளப்பட்டுள்ளது. கட்டிலருகே செல்லுமுன் ஒருமுறை, வெளியேறும்போது ஒருமுறை: இவ்விரண்டையும் ஜும்ஆ மேடையில் ஒரு நிமிடம் கூறினால், எத்தனையோ சுவரொட்டிகள் செய்யாததை அது செய்யும் என்பது என் எண்ணம்.

வேறு சொல் வேண்டும்

மீண்டும் சொல்லுக்கு வருகிறேன். 'எதிர்ப்பு' என்பதை இவ்விடத்தில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. செய்தித்தாள்கள் ஆளும் 'மகாகிருமி' என்பதும் பொருந்தாது. இக்கிருமி மற்றதைவிட வலிய நோயைத் தரவேண்டும் என்பதில்லை, தந்த நோய்க்கு மருந்து வேலை செய்யவில்லை என்பதே செய்தி. பேச்சு வழக்கில் 'அவன் எதுக்கும் மசிய மாட்டான்' என்கிறோம். அந்த வினையைக் கொண்டு 'மருந்துக்கு மசியாக் கிருமி' என்று சொல்லிப் பார்த்தேன். மசியாதது கிருமி, மசிய வைக்க முயல்வது மருந்து. உடலுக்கு இதில் பங்கில்லை என்பது சொல்லிலேயே தெளிவாகிறது.

வகுப்பில் இதனைக் கூறி, மாணவியரைத் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வேறு சொல் கொண்டுவரப் பணித்தேன். ஒருத்தி தன் பாட்டி சொன்னதாக 'மருந்துக்குத் துணிஞ்ச கிருமி' என்று எழுதி வந்தாள். என் சொல்லைவிட அது நன்றாயிருக்கிறது என்று வகுப்பு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 'துணிந்த' என்பதில் ஒரு வீரம் ஒலிப்பதால் யான் இன்னும் இசையவில்லை. பெரியத்தாவிடம் இரண்டையும் சொல்லிக் கேட்டேன். சற்று நேரம் எண்ணியிருந்துவிட்டு, "மசியாதுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே வெளங்கியிருக்கும்" என்றார்.